இல்பொருள் அருங்காட்சியகத்தின் நாற்பத்தொன்றாம் பொருள்

என் மச்சான் பழனிவேல் ஓவியம் படித்தவன். படித்ததோடு விட்டிருக்கலாம். சுனாமிக்கு மறு வருடம் அவனும் கூட்டாளிகள் மூன்று பேரும் கடலூரில் ஓர் அருங்காட்சியகம் ஆரம்பித்தார்கள். கட்டடம் கிடையாது, கண்ணாடிப் பெட்டி கிடையாது. ஒரு நீளப் பதிவேடும் ரப்பர் ஸ்டாம்பும்தான் சொத்து. பெயருக்கு மட்டும் குறைச்சலில்லை: கடலூர் இல்பொருள் அருங்காட்சியகம். முன்பு இருந்து, இப்போது இல்லாமல் போனவற்றை மட்டும்தான் சேர்ப்பார்களாம். பறிகொடுத்தவர் வந்து சொன்னால் பதிவேட்டில் ஏற்றி, ஓர் அட்டையில் எழுதிக் கொடுப்பார்கள். அதை அவர் வீட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ள வேண்டும். அதுதான் காட்சி.

பைத்தியக்காரன் கிழித்தது கோவணத்துக்கு ஆயிற்று என்பார்களே, அப்படி இதையும் மெச்சி ஏதோ ஒரு வெளிநாட்டில் அவனை ஒரு வருடம் வந்து தங்கச் சொன்னார்கள். 2012 மே மாதம் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு சிதம்பரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தான்.

"மாமா, இனிமே நீங்கதான் டைரக்டர்."

"ஏன்டா, கூட்டாளிங்க மூணு பேரு இருக்காங்கல்ல?"

"அவுங்கல்லாம் ஆர்ட்டிஸ்டு மாமா. ஆளுக்கொரு ஐடியா சொல்லுவாங்க. நமக்கு வேண்டியது ஸ்டாக் எடுக்கத் தெரிஞ்ச ஆளு."

அது எனக்குத் தெரியும். இருபத்தாறு வருடமாக ஒரு கல்லூரியில் ஸ்டோர் கீப்பர். பீக்கர் எத்தனை, நாற்காலி எத்தனை என்று எண்ணியே தலை நரைத்தவன். அருங்காட்சியகத்திலும் வருடா வருடம் ஜூன் மாதம் ஸ்டாக் எடுக்க வேண்டுமாம். டைரக்டர் ஒவ்வொரு வீடாகப் போய், அந்தப் பொருள் இன்னும் இல்லை என்று கண்ணால் பார்த்துவிட்டு, 'சரியாக உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாதது எப்படி சரியாக உள்ளதாகும் என்று கேட்டேன். "அதான் மாமா மியூசியம்" என்றான். ஓங்கி ஒரு அறை விடலாம் போலிருந்தது.

அவன் போன பிறகு பதிவேட்டைப் புரட்டினேன். முந்திரி மரத்து நிழல். லால்பேட்டை சாயபு ஒருவரின் சைக்கிள் மணிச் சத்தம். பக்கம் பக்கமாக இப்படி. நாற்பத்தொன்றாம் வரிசையில் கண் நின்றுவிட்டது.

'பொருள்: என் வீட்டுக்காரர் என்னைக் கேட்கும் கேள்வி. இல்லாமல் போன தேதி: 14.6.2007. கொடுத்தவர்: ரா. ஞானாம்பாள், சிதம்பரம்.'

ஞானாம்பாள் என் மனைவி. பழனிவேலுக்கு அக்கா. அந்த நேரம் அடுப்படியில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் கேள்வி கேட்காத நாள் உண்டா? சோறு ஆச்சா, கரண்டு பில் கட்டியாச்சா, என் மூக்குக் கண்ணாடி எங்கே என்று நூறு கேள்வி கேட்கிறேன். உடனே பழனிவேலுக்குப் போன் போட்டேன். "எனக்கும் தெரியாது மாமா. காரணம் கேக்கக் கூடாதுங்கறது நம்ம ரூலு" என்றான். பழைய டைரியைத் தேடி எடுத்தேன். 14.6.2007, வியாழக்கிழமை: 'கெமிஸ்ட்ரி லேப் ஸ்டாக். பீக்கர் பதினொன்று குறைவு.' வேறொன்றும் இல்லை.

அவளிடமே கேட்டிருக்கலாம். பயமாக இருந்தது. ஒரே வீட்டில் இருக்கிறவளுக்கு என்னிடம் ஒன்று தொலைந்து ஐந்து வருடம் ஆகிறது. எனக்கு அது என்னவென்றே தெரியாது. தெரியாமலே இந்த ஸ்டாக்கிலும் கையெழுத்துப் போட்டுவிட்டால், எங்கள் குடும்பம் வெறும் ரேஷன் கார்டில்தான் குடும்பம் என்று தோன்றியது. அதனால் நாற்பத்தொன்றைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு மற்ற வீடுகளுக்குப் போனேன்.

கடலூர் முதுநகரில் சவரியம்மாள் என்ற அம்மா இருந்தார். அவர் கொடுத்தது சுனாமியில் போன அம்மிக்குழவி. சுவரில் அட்டையைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். "குழவி இல்லதானம்மா?" என்று கேட்டேன். "இல்ல சார்" என்றார். ஆனால் மூலையில் ஒரு ஈரச் சாக்கு கிடந்தது. இருபத்தாறு வருட ஸ்டோர் கீப்பர் கண்ணுக்குச் சாக்கு தப்புமா? தூக்கிப் பார்த்தால் குழவி.

"கக்கூசுக்குக் குழி வெட்டுனாங்க சார், மண்ணுக்குள்ளேருந்து வந்துச்சு," என்றவருக்குக் கண் கலங்கிவிட்டது. "அது கெடச்சுட்டா எம் பேர அடிச்சிருவீங்களா? மூணு தரம் பேப்பர்காரங்க வந்து என்னைய போட்டோ புடிச்சிருக்காங்க."

தொலைந்தது கிடைத்ததற்கு அழுகிற ஒருத்தியை அன்றைக்குத்தான் பார்த்தேன். என்ன எழுதுவது? மறுபடி பழனிவேலுக்குப் போன் போட்டேன்.

"அய்யோ மாமா, அப்ப நமக்கு ஒரு பொருள் குறைவு. 'கிடைத்துவிட்டது'ன்னு எழுதி அடிச்சிடணும். இதுவரைக்கும் யாருக்கும் அப்புடி எழுதுனதில்ல."

அடித்தேன். அந்த அம்மாவிடம், அட்டை சுவரிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் ஒரே யோசனை. குழவியே மண்ணுக்குள்ளிருந்து வருகிறது. ஒரு கேள்வி வராதா? சரியான கேள்வியைக் கேட்டுவிட்டால் நாற்பத்தொன்றையும் அடித்துவிடலாம். எந்தக் கேள்வி என்றுதான் தெரியவில்லை.

ஜூன் முப்பது, சாயங்காலம். பதிவேட்டோடு அடுப்படிக்குப் போனேன். ஞானாம்பாள் திரும்பிப் பார்த்தாள்.

"ஸ்டாக்கா?" என்றாள்.

"ம். அட்டை எங்க?"

காலண்டரைத் தூக்கிக் காட்டினாள். பின்னால் ஆணியில் தொங்கியது. நான் அடுப்படிக்குள் காலெடுத்து வைத்திருந்தால் எப்போதோ பார்த்திருப்பேன்.

"அன்னைக்கு என்னாதான் நடந்துச்சு, ஞானம்?"

அவள் அடுப்பை அணைத்தாள். "கடலூர் ஆஸ்பத்திரியில டெஸ்டு ரிசல்ட் வாங்கப் போனேன்ல. மார்ல இருந்த கட்டிக்கு."

அந்தக் கட்டி எனக்குத் தெரியும். காலையில் கிளம்பும்போது சொல்லிவிட்டுத்தான் போனாள். நான் 'ம்' என்றேன். நாள் முழுக்க பீக்கர் எண்ணினேன்.

"ஒண்ணுமில்ல, சாதாக் கட்டிதான்னு சொல்லிட்டாங்க," என்றாள். "வரும்போது வழியெல்லாம் ஒரே சந்தோசம். நீங்க கேட்டதும் எப்புடி சொல்லலாம்னு யோசிச்சுகிட்டே வந்தேன். பஸ் ஸ்டாண்டுலேருந்து ஓட்டமும் நடையுமா வந்தேன். உள்ள நொழஞ்சா, நீங்க கணக்கு நோட்டுலேருந்து தலையத் தூக்காம கேஸ் சிலிண்டர் வந்துச்சான்னு கேட்டீங்க. சரி, சாப்புடும்போது கேப்பீங்கன்னு பாத்தேன். காலையில கேப்பீங்கன்னு பாத்தேன்."

"நீ வழக்கம்போல சமையல் பண்ணுன. அதான் ஒண்ணும் இருக்காதுன்னு நெனச்சுகிட்டேன்." என் குரலே எனக்குக் கேவலமாக இருந்தது. "கேக்கப் பயமாவும் இருந்துச்சு. சத்தியமா."

"இருக்கும்."

"இப்ப கேக்குறேன். டாக்டர் என்னா சொன்னாங்க?"

அவள் சிரித்தாள். கோபச் சிரிப்பு இல்லை. அதனால் இன்னும் வலித்தது. "நான்தான் சொல்லிட்டனே. பதில் தெரிஞ்சப்புறம் கேக்கறது கேள்வியா? உள்ளபடி எழுதுங்க, டைரக்டரே."

சவரியம்மாளுக்கு எழுதியது போல் ஒரு வரி எழுதிவிட மாட்டோமா என்று கை துடித்தது. பொய்க் கணக்கு நான் எழுதியதில்லை. 'சரியாக உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுத்து கோணிக்கொண்டு போயிற்று. கண்ணில் நீர் வந்துவிட்டது. அவள் பார்க்கட்டும் என்று துடைக்கவில்லை.

அவள் வெங்காயக் கூடையை எடுத்து வைத்துக்கொண்டாள். ஸ்டாக் முடிந்தது, நான் போகலாம். பதிவேட்டை மூடி அரிசி டின் மேல் வைத்துவிட்டு அவளுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தேன்.

"கடலூர்லேருந்து திரும்பி வரும்போது பஸ்ல சீட்டு கெடச்சுதா?" என்று கேட்டேன்.

அரிவாள்மனையில் அவள் கை நின்றது. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல," என்றாள் மெதுவாக. "புதுச்சத்திரம் வரைக்கும் நின்னுகிட்டேதான் வந்தேன்."