இடப்பக்கம் திரும்பாத சைக்கிள்

இட ஒதுக்கீட்டுக்காக மறியல் நடந்ததால் கள்ளக்குறிச்சியில் ஒரு பஸ்கூட ஓடவில்லை. ஜவுளிக்கடை சுபுஹானோ வெள்ளிமலைக் கல்யாண வீட்டுக்குக் கூறைப்புடவை கொண்டுபோயாக வேண்டும், விடிந்தால் முகூர்த்தம். மகனின் பழைய கியர் சைக்கிளை எடுத்தார். ஹேண்டில்பார் தாழ்வாக இருந்ததால், அதில் மாட்டிய மூட்டை சக்கரத்தில் உரசியது. "பின்னால கட்டிக்குங்க பாய்" என்று மெக்கானிக் கந்தசாமி சொல்லியும் கேட்கவில்லை. ஜவுளி கண்ணெதிரே தொங்கினால்தான் அவருக்கு நிம்மதி.

ஹேண்டில்பாரைத் தாங்கும், துருவேறி இறுகிப்போன பழைய தண்டை அறுத்தெடுத்துவிட்டு, உயரமான தண்டும் அகலமான ஹேண்டில்பாரும் மாட்டினான் கந்தசாமி. சுபுஹான் ஏறி இடப்பக்கம் திருப்பினார். பின்சக்கரம் நின்றுவிட்டது.

"இன்னாய்யா இது, பிரேக்கு தானா புடிச்சிக்கினு நிக்குது?"

"ஹேண்டில் மேல போச்சுல்ல, பிரேக்கு ஒயரு எட்டல. இடப்பக்கம் திருப்புனா இழுத்துப் புடிக்குது. கடையெல்லாம் மூடிக் கெடக்குது, புது ஒயருக்கு எங்க போறது? பிரேக்க கழட்டி வுட்டுடட்டா?"

"மலை எறங்கும்போது உன் தலையப் புடிச்சா நிறுத்துவேன்? பழசையே மாட்டு."

"அதான் அறுத்தாச்சே. இடப்பக்கம் திரும்பாம போங்க."

"மலையில உங்கப்பனா நேரா ரோடு போட்டு வச்சிருக்கான்?"

இடப்பக்க வளைவு வந்தபோதெல்லாம் சுபுஹான் இறங்கி, சைக்கிளின் பின்பக்கத்தைத் தூக்கித் திருப்பி வைத்து, கந்தசாமியின் பரம்பரையையே திட்டிவிட்டு மறுபடி ஏறினார். விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் கல்யாண வீடு போய்ச் சேர முடிந்தது.

புடவையை வாங்கிக்கொண்ட மாப்பிள்ளையின் அம்மா, வியர்வையில் நனைந்திருந்தவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"இவ்ளோ நேரமா பாய்? சைக்கிள்லதான வந்தீங்க?"

"சைக்கிள்ல எங்கம்மா வந்தேன்?" என்றார் சுபுஹான். "நான்தான் அதத் தூக்கிக்கினு வந்தேன்."