கொடிக்குத் தாள் மாற்றும் நேரம்

பெல்ட்டின் கொக்கி கழல மறுத்தது. இரண்டு மரச்சட்டங்களுக்கு நடுவே செடிகளையும் செய்தித்தாள்களையும் மாற்றி மாற்றி அடுக்கி அப்பா இறுக்கியிருந்த கட்டு அது. அவர் எதைக் கட்டினாலும் அவிழ்க்க இரண்டு ஆள் வேண்டும். மகள் சட்டத்தின் மேல் முழங்காலை ஊன்றிப் பல்லைக் கடித்து இழுத்தாள். அடுத்த அறையில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். பாவம், துக்கம் தாங்காமல் மரக்கட்டையோடு மல்லுக்கட்டுகிறாள் என்று தூரத்து உறவுக்காரர் ஒருவர் சொல்வது காதில் விழுந்தது.

துக்கம் இருக்கத்தான் செய்தது. அதற்கு இப்போது நேரமில்லை. பதினோரு மணிக்கு எடுப்பதாகப் பேச்சு. ஒன்பதே கால் ஆகியிருந்தது.

அப்பா வனவிலங்குச் சரணாலயத்தில் தாவரக் கணக்கெடுப்பாளராக இருந்தார். அங்கே வருகிறவர்கள் எல்லாரும் புலி பார்க்க வருவார்கள். புலி கண்ணில் படாவிட்டால் அது போன வழியையாவது படம் பிடித்துக்கொண்டு போவார்கள். அது படுத்திருந்த புல்லைப் பற்றி இருபத்தாறு வருஷத்தில் ஒருத்தரும் கேட்டதில்லை என்று அப்பா குறைப்படுவார். யாரும் கேட்காத அந்தக் கேள்விக்கு வீடு முழுக்கப் பதில் அடுக்கி வைத்திருந்தார். மரக்கவட்டில் வளரும் ஆர்க்கிட், ஓடைப் பாறைப் பெரணி, பட்டையோடு பெயர்த்த பாசி. கட்டிலுக்கு அடியில், பீரோ மேல், ஒரு காலத்தில் மகளின் பள்ளிக்கூடப் பையில்கூட. கணக்கு நோட்டைத் திறந்து பெரணியை எடுத்துக் காட்டி வகுப்பில் அவள் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

செடியை அழுத்திக் காயவைக்க ஒரே ஒரு விதிதான். தினம் ஒரு தரம் ஈரத்தாளை எடுத்துவிட்டு உலர்ந்த தாள் வைக்க வேண்டும். மழைக்காலத்தில் ஒருநாள் தவறினாலும் பூஞ்சை முந்திக்கொள்ளும்.

இந்தக் கட்டுக்குள் இருந்தது ஒரு கொடி. பதினோரு வருஷம் அப்பா அதன் பின்னால் அலைந்தார். இலை கிடைத்தது, தண்டு கிடைத்தது, பூ மட்டும் கிடைக்கவில்லை. பூவைப் பார்க்காமல் அது இன்ன கொடி என்று சொல்ல எந்த ஆராய்ச்சிக்கூடமும் தயாராக இல்லை. போன வாரம் அது பூத்தது. கொட்டுகிற மழையில் போய்ப் பறித்து வந்தார். பூவோடு காய்ச்சலும் வந்தது. மறுநாளே ஆஸ்பத்திரி.

அங்கே ஆக்ஸிஜன் முகமூடியை விலக்கிவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“தாள் மாத்தினியா?”

“மாத்திட்டேன்பா. பேசாம படுங்க.”

நாலு நாளில் நாலு தரம் கேட்டார். நாலு தரமும் அதையே சொன்னாள். தலை வாரவே நேரமில்லாதவள் வீட்டுக்கு வந்து தாளை எப்போது மாற்றுவது? மாற்றவில்லை என்று சொன்னால் ஊசியைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். நேற்று சாயங்காலம் கேட்காமலேயே போய்விட்டார்.

கொக்கி விட்டது. மேல்தாளைத் தூக்கியதும் புளித்த வாடை அடித்தது. இலைகளின் மேல் நூல் நூலாக வெள்ளைப் பூஞ்சை. பூ இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு பிசின். விரலால் தொட்டாள். விரலோடு வந்துவிட்டது.

இலையையாவது காப்பாற்றலாம் என்று பழைய பேப்பர் தேடினாள். பரணில் ஆள் உயரத்துக்கு இருந்த பேப்பரைச் சித்தப்பா நேற்றே காலி பண்ணியிருந்தார். வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்பது அவர் கவலை. இப்போது வீட்டில் இருந்த உலர்ந்த தாள், அப்பாவின் மரண அறிவிப்பு வந்த இன்றைய பேப்பர்தான். எல்லாருக்கும் கொடுப்பதற்காகச் சித்தப்பா நாற்பது பிரதி வாங்கிவந்து மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அறிவிப்பில் அப்பா ‘வனவிலங்கு நிபுணர்’ ஆகியிருந்தார்.

கேட்டதும் சித்தப்பா பேப்பர் கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

“எங்கண்ணன் மூஞ்சி மேல அழுகின இலையை வைப்பியா நீ?”

“அவர் மூஞ்சி ஏழாம் பக்கத்துலதான் இருக்கு சித்தப்பா. மத்த பக்கமெல்லாம் குடுங்க.”

மரியாதை, மானம், அண்ணன் தம்பி உறவு என்று அவர் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

“குடுத்துடுங்க தம்பி. அவரா இருந்தா இந்நேரம் பிரிச்சுப் போட்டிருப்பாரு.”

மகள் தரையில் தாளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தபோது சரணாலயத்துக் காவலர் வந்தார். அப்பா அவரை நெட்டை என்றுதான் கூப்பிடுவார். அப்பாவின் கால்மாட்டில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு நேராக அவளிடம் வந்து ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினார். உள்ளே ஈரத்துணி. துணிக்குள் அதே கொடி, ஒரு பூவோடு. மழையில் எல்லாம் உதிர்ந்துவிட்டதாம், மிஞ்சியது இது ஒன்றுதானாம். அப்பா ஆஸ்பத்திரியில் சேர்ந்த இரண்டாம் நாள், அவள் மருந்து வாங்கப் போயிருந்த நேரத்தில், காவலருக்குப் போன் பண்ணியிருக்கிறார். ஓடையில் தண்ணீர் இன்று காலைதான் வடிந்ததாம், அதற்குப் பிறகுதான் தாண்டிப் போய்ப் பறிக்க முடிந்ததாம்.

“என்ன சொன்னாரு?”

காவலர் தயங்கினார்.

“அவ தாள் மாத்தியிருக்க மாட்டா, கேட்டா மாத்திட்டேன்னுதான் சொல்லுவான்னாரு. இன்னொரு பூ இருந்தா பறிச்சு அவ கையிலயே குடு, இந்தத் தரம் மாத்திடுவான்னாரும்மா.”

“தெரிஞ்சுக்கிட்டேவா அதுக்கப்புறமும் தினம் கேட்டாரு?”

 பதில் சொல்ல வேண்டியவர் அடுத்த அறையில் கையைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தார். உயிரோடு இருக்கும்போதே அவரிடம் வாக்குவாதம் பண்ணி ஜெயித்ததில்லை. இப்போது சுத்தமாக வழியில்லை. அவளுக்கு வந்த கோபத்தில் தாள் கையிலேயே கசங்கியது. அதை விட்டுவிட்டு வேறு தாள் எடுத்தாள்.

கொடியை வளைத்துக் கிடத்தினாள். இரண்டு இலையின் முதுகு தெரியத் திருப்பினாள். இதைத் தனக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததாக நினைவில்லை. பூவுக்கு ஐந்து இதழ். நாலு இதழ் சொன்ன பேச்சைக் கேட்டன. ஐந்தாவது, நீவி விட்டதும் பழையபடி சுருண்டது.

வண்டி வந்துவிட்டது என்று சித்தப்பா வாசலில் இருந்து கூப்பிட்டார். யாரோ நாற்காலிகளை ஓரமாக இழுத்தார்கள். அம்மா எழுந்திருக்கும் சத்தம் கேட்டது.

“இதோ வர்றேன்,” என்றாள்.

ஆள்காட்டி விரலை அந்த இதழின் மேல் வைத்து, அது படியும்வரை எடுக்காமல் இருந்தாள்.