ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில்

அந்தச் சோப்புக் கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கு எட்டு மாடிதான் என்றாலும், இயக்குநர்கள் ஏறிய லிஃப்ட் மட்டும் ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில், வரைபடத்தில் இல்லாத ஒரு மாடியில் நின்றுவிட்டுத்தான் மேலே போகும். இது எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய் பிளக்கவில்லை. இயக்குநர்கள் அத்தனை பேரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள், ஒரே கிளப்பில் டென்னிஸ் ஆடுகிறவர்கள், ஒருவர் மகளை இன்னொருவர் மகனுக்குக் கட்டிவைத்தவர்கள். அப்படிப்பட்டவர்களுக்குத் தனியாக ஒரு மாடி முளைத்ததில் என்ன ஆச்சரியம் என்று கணக்குப் பிரிவிலேயே பேசிக்கொண்டார்கள். எட்டாவது மாடிக் கூட்ட அறைக்கு வரும்போது அவர்கள் கோட்டில் சுருட்டு வாசனை அடிக்கும், முடிவுகளெல்லாம் தயாராக இருக்கும்.

அங்கே முதல் பெண் இயக்குநராக வந்தவளைத் தொழிற்சாலையில் சோப்பம்மா என்பார்கள். பரிசோதனைக் கூடத்தில் எண்ணெயும் காரமும் கலந்து தொடங்கியவள், பழைய ஆலைக்கே தலைவியாகி, அங்கிருந்து மேலே வந்தாள். பத்திரிகைகளில் படம் வந்தது, வீட்டில் பாயசம் வைத்தார்கள். ஆனால் கூட்டத்தில் அவள் வாயைத் திறந்தால் போதும், தலைவர் அன்பாகச் சிரித்து, "அதெல்லாம் பேசியாச்சும்மா" என்பார். அவளும் தலையாட்டிவிட்டு வருவாள். பழைய ஆலையை மூடப்போகிறார்கள், அடுத்த கூட்டத்தில் முடிவு என்று தெரிந்ததும்தான் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அங்கே பேக்கிங் கூடத்தில் இருந்த பெண்களில் பாதிப் பேரை அவளே வேலைக்குச் சேர்த்திருந்தாள்.

"பேசியாச்சுன்னா, எங்க பேசினாங்களாம்?" என்று கேட்டாள், துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த நாத்தனார்.

"லிஃப்ட் நடுவுல நிக்குமே, அந்த மாடியிலதான். பெரியவங்க முதல்ல போகட்டும்னு நான் அடுத்த லிஃப்ட்ல போவேன்."

"நல்லா இருக்கு உன் மரியாதை! நீயும் அதுலயே ஏறித் தொலையேன். பிடிச்சு வெளியவா தள்ளப்போறாங்க?"

மறுநாள் கூட்டத்துக்குப் போகும்போது அவள் இடித்துப் பிடித்து அவர்கள் லிஃப்டிலேயே ஏறிவிட்டாள். ஏழைத் தாண்டியதும் லிஃப்ட் ஒரு விக்கல் விக்கியது, கொஞ்சம் யோசித்தது, பிறகு நிற்காமல் எட்டுக்குப் போய்விட்டது. இயக்குநர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கூட்டத்தில் யாருக்கும் என்ன முடிவு என்றே தெரியவில்லை. கம்பெனி வரலாற்றில் முதல் தடவையாக அங்கே நிஜமாகவே பேச வேண்டியதாயிற்று. சோப்பம்மா மூச்சு விடாமல் பேசினாள். கடைசியில், ஆயுளில் ஒரு கருத்தும் சொல்லியிராத தலைவரின் மைத்துனர், "எனக்கும் மூட வேண்டாம்னுதான் தோணுது" என்று சொல்லிவிட்டு, தனக்குத் தோன்றியதில் தானே அரண்டுபோனார். ஆலை பிழைத்தது.

அதன் பிறகு காய்ச்சலோடுகூட வந்து அவள் அந்த லிஃப்டில் நின்றாள். மற்ற இயக்குநர்கள் அந்த மாடிக்குப் படியேறிப் பார்த்தார்கள், முழங்கால் ஒத்துழைக்கவில்லை. வருடங்கள் ஓடின. சிலர் ஓய்வு பெற்றார்கள், சிலர் போய்ச் சேர்ந்தார்கள், ஒரு பெண் வக்கீலும் வங்கிக்காரியும் டாக்டரும் இயக்குநர்களாக உள்ளே வந்தார்கள், சோப்பம்மா தலைவியானாள். நால்வரும் ஒட்டிக்கொண்டார்கள். சேர்ந்து சாப்பிட்டார்கள், ஒருத்தி மகளுக்கு இன்னொருத்தி வேலை பார்த்துக் கொடுத்தாள். ஒரு நாள் அவர்கள் போன லிஃப்ட் நடுவில் நின்றது, கதவு திறந்தது. மெத்தென்ற நாற்காலிகள், மஞ்சள் வெளிச்சம், ஆளுக்கொரு கோப்பையில் ஆவி பறக்கும் டீ. பொய் சொல்வானேன், சோப்பம்மாவுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. டீ ஆறுவதற்குள் எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டார்கள்.

எட்டாவது மாடியில் புது இயக்குநர் காத்திருந்தாள். பழைய ஆலையின் பேக்கிங் கூடத்திலிருந்து படித்து மேலே வந்தவள். அவள் பேச ஆரம்பித்ததும், "அதெல்லாம் பேசியாச்சும்மா" என்றது ஒரு குரல். அது தன் குரல்தான் என்று சோப்பம்மாவுக்குப் புரிய ஒரு கணம் ஆனது. அந்தப் பெண் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலைச் சோப்பம்மாவுக்கு நன்றாகத் தெரியும்.

"நீ எந்த லிஃப்ட்லம்மா வந்தே?"

"அடுத்ததுல மேடம். பெரியவங்க முதல்ல போகட்டும்னு."

"ஒண்ணும் பேசல. நீ சொல்லு, முதல்லேர்ந்து" என்றாள் சோப்பம்மா.

அந்த மாடியை யாரும் இடிக்கவில்லை, இல்லாத மாடியை எப்படி இடிப்பது? லிஃப்ட் பராமரிப்புக்காரர்கள் வருடா வருடம் எண்ணெய் போட்டுவிட்டுப் போகிறார்கள். இப்போதும் எப்போதாவது நடுவில் கதவு திறந்து டீ வாசனை வரும். லிஃப்டில் இருப்பவர்கள் அங்கே இறங்குவதில்லை. கதவு திறந்ததென்றால் யாரையோ கீழே விட்டுவிட்டு வந்திருக்கிறோம் என்று பொத்தானை அழுத்தி, அழைத்துவரத் திரும்பக் கீழே போகிறார்கள்.