மாதாவுக்கு நேர்ந்த எலிவால்

1

இந்தக் கதை என் வீட்டுக் குளியலறைச் சாக்கடையிலிருந்து வந்தது. இதைவிடக் கௌரவமான இடம் ஒன்றைச் சொல்லலாமே என்று இரண்டு நாள் யோசித்தேன். கனவில் வந்தது, கடற்கரையில் நடக்கையில் தோன்றியது என்று எழுதுகிறவர்கள் எழுதிக்கொள்ளட்டும். எனக்கு நடந்தது வேறு. தண்ணீர் போகாமல் கணுக்கால்வரை நின்றது. முத்தையாபுரத்திலிருந்து பொன்னுதுரை என்ற குழாய்க்காரர் வந்து கம்பியை உள்ளே விட்டு, ஒரு சுற்றுச் சுற்றி இழுத்தார். வந்ததெல்லாம் என் முடி. எண்ணெய்ப் பிசுக்கோடு, செத்த எலி அளவுக்கு.

“டீச்சர், இம்புட்டும் ஒங்க முடியா?”

“வேற யாரு இருக்கா இங்கன?”

“அப்பம் இனிமே எண்ணெ வைக்காதிய. தலையும் அடைக்கும், குழாயும் அடைக்கும்.”

என் முடி மெலிசு. காலையில் குளித்தால் மத்தியானத்துக்குள் மண்டையோடு ஒட்டிக்கொள்ளும். சீப்பைக் கண்டாலே கொட்டும். அறுபத்திரண்டு வயதில் இதற்கெல்லாம் அழுவது அசிங்கம் என்று எனக்குத் தெரியும். கொஞ்சம் அழுதேன். அப்புறம்தான் ஒன்று தோன்றியது. தன் தலைமுடியை இன்னொருவருக்குக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்துவிட்ட பெண் ஒருத்தி இருந்திருந்தால், அவள் எப்படித் தலைசீவியிருப்பாள்?

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

முத்துக்கும் கண்ணீருக்கும் பேர்பெற்ற அந்தக் கடலோரத்தில், சிப்பிக்குள் உறங்கும்

அடித்துவிட்டேன். தூத்துக்குடி என்றவுடன் சிப்பியைத் திறக்கும் பழக்கம் எங்களை விட்டுப் போகாது போலிருக்கிறது. இந்தக் கதையில் முத்து கிடையாது. இரண்டாவது முயற்சி:

ஜப்பான்காரர்களிடம் பினாங்கு விழுந்த செய்தி பழசாகிப்போயிருந்த 1942 ஜனவரியில் ஒரு மத்தியானம், அமலோற்பவம் மாதா கோயிலுக்குள் வலைநூலோடு நுழைந்தாள்.

இது இருக்கட்டும்.*

* ஏன் 1942 என்று கேட்பீர்கள். எனக்கு ஒரு யுத்தம் தேவைப்பட்டது. அதைவிட, கடையில் தேங்காய் எண்ணெய் கிடைக்காத ஒரு காலம் தேவைப்பட்டது. காரணம் பின்னால் வருகிறது.

3

அமலோற்பவத்துக்கு இருபத்தாறு வயது. புருஷன் பவுலுக்கு நீராவிக் கப்பலில் கரி அள்ளிப் போடும் வேலை. நவம்பரில் கொழும்புக்குப் போய், அங்கிருந்து பினாங்குக்குப் போனான். டிசம்பரில் பினாங்கில் குண்டு விழுந்தது. அதன் பிறகு அவனைப் பற்றித் தகவல் இல்லை.

அவளுடைய முடி என்னுடையதேதான். வெட்கமில்லாமல் என் தலையை அவளுக்குக் கொடுத்திருக்கிறேன். ஊரார் எலிவால் என்பார்கள். பவுல் அதற்கும் மேலே போவான்.

“ஏளா, ஒன் தலையில ஈ வந்து ஒக்காந்தா வழுக்கி விழுந்துரும்.”

“அப்பம் தடிச்ச சடைக்காரியாப் பாத்துக் கட்டியிருக்க வேண்டியதுதான?”

“கட்டியிருப்பேன். அவளுவ முடி என் சட்டையில ஒட்டாதே.”

சட்டையைப் பற்றிய அந்தக் கிண்டலை அவள் நம்பினாள் என்பதுதான் அவளிடம் எனக்குப் பிடித்த விஷயம். 

எங்கள் பக்கத்தில் வேண்டுதலை நேர்ச்சை என்போம். அன்று அமலோற்பவம் பின்னலின் அடியில் வலைநூலை ஒரு சுற்றுச் சுற்றி, அந்த அளவுக்கு அறுத்து, மாதாவின் முன்னால் இருந்த கிராதித் தடுப்பில் கட்டினாள். ‘அவர் உயிரோடு திரும்பி வந்தால், இந்தப் பருமன் குறையாமல் முடியைத் தருகிறேன்.’ அதே அளவில் இன்னொரு நூலை வீட்டில் வைத்துக்கொண்டாள்.

நீளத்தைச் சொல்லி நேர்ந்திருந்தால் தப்பித்திருப்பாள். நீளம் வளரும். கொட்டுகிற முடியை வைத்துக்கொண்டு பருமனைச் சொல்லி வாக்குக் கொடுப்பவளை என்ன செய்வது? [இங்கே அவளை மாற்றி எழுதலாமா என்று யோசித்தேன். முடியவில்லை. தன்னிடம் எது குறைவோ அதைக் கொடுத்தால்தான் மாதா கேட்பாள் என்று அவள் நினைத்துவிட்டாள்.]

4

பவுலின் அக்கா கிளாடிஸ் அதே வீட்டில் இருந்தாள். விதவை. அவள் சடையைக் கையில் பிடித்தால் விரல் ஒன்றோடொன்று சேராது. நேர்ச்சையைக் கேட்டதிலிருந்து தம்பி பெண்டாட்டியின் தலையைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டாள்.

“இங்கன வந்து குத்தவைளா. எண்ண குடிக்காத முடி எங்க நிக்கும்?”

காலையில் ஒரு கை, சாயங்காலம் ஒரு கை. எண்ணெய் நெற்றியில் வடிந்தது. துறைமுகத்துக் கரித்தூளும் உப்புக்காற்றும் வந்து அதில் படிந்தன. தலை அரித்தது, பொடுகு கண்டது, முடி முன்னைவிடக் கொட்டியது. தலைகுளித்தால் தண்ணீரோடு கொத்தாகப் போவதைப் பார்த்துப் பயந்து, அமலோற்பவம் தலைகுளிப்பதையே குறைத்தாள். பத்து நாளைக்கு ஒருமுறை, பிறகு பதினைந்து நாளைக்கு ஒருமுறை. மெலிசும் பிசுக்குமான முடிக்காரிகள் எல்லோரும் செய்கிற தப்பு இது. நானும் செய்தேன், கொட்டுவதைப் பார்க்காமலிருந்தால் கொட்டவில்லை என்று ஒரு நினைப்பு.

ஒரு நாள் வீட்டிலிருந்த நூலைப் பின்னலில் சுற்றிப் பார்த்தாள். நூலுக்கும் முடிக்கும் நடுவே விரல் போனது. அன்று அவளால் சாப்பிட முடியவில்லை.

முதல் பிரதியில் கிளாடிஸை வில்லியாக எழுதியிருந்தேன். எண்ணெய்க் கிண்ணத்தோடு வரும் கொடுமைக்கார நாத்தனார், எழுதவும் சுகமாக இருந்தது. பிறகுதான் உறைத்தது, காணாமல் போனவன் அவளுக்குத் தம்பி. அவனுக்காக அவளால் செய்ய முடிந்தது இந்தத் தலையில் எண்ணெய் தேய்ப்பது ஒன்றுதான். வில்லியை அடித்துவிட்டேன்.

5

1943இல் எண்ணெய் நின்றது. இலங்கையிலிருந்து வருவது குறைந்து, கடைகளில் இருந்ததும் தீர்ந்தது. அமலோற்பவம் வெறும் கிண்ணத்தோடு அருணாசலவடிவின் பலசரக்குக் கடை வாசலில் நின்றாள்.

“எண்ண இல்ல. இருந்தாலும் ஒனக்குத் தரமாட்டேன்” என்றாள் வடிவு. “தலையா இது? அப்பம் சுட்டு எறக்குன சட்டி மாரியில்லா இருக்கு.”

“கொட்டுதுக்கா.”

“கொட்டாம என்ன செய்யும்? எனக்கும் இதே முடிதான். நான் சொல்லுதத கேளு. பாசிப்பயறு மாவுல கொஞ்சம் வெந்தயத்தையும் அரைச்சுப் போட்டுக் கலக்கு. சீயக்கா ஒரு துளி போதும், ரொம்பப் போட்டா காஞ்சிரும். மூணு நாளைக்கு ஒருக்க தலைகுளி. கெணத்து உப்புத்தண்ணி ஆகாது, கொழாத்தண்ணியில அலசு. ஈரத்தோட சீவாத. இழுத்துப் பின்னாத.”

“மூணு நாளைக்கு ஒருக்கவா? எல்லாம் போயிருமே!”

“போறது எப்பிடியும் போவும். நிக்குறதப் பாரு.”

தெருக்குழாயில் நல்ல தண்ணீர் பிடிக்க அடிதடியே நடக்கும். அமலோற்பவம் பிடித்து வந்த குடத்தைத் தலையில் ஊற்றிக்கொண்டபோது கிளாடிஸ் கத்தினாள்.

“குடிக்கத் தண்ணி இல்ல, மயிர அலசுதியோ!”

“இது என் மயிரு இல்ல மைனி. மாதாவோடது.”

மறுநாளிலிருந்து இன்னொரு குடத்தோடு கிளாடிஸும் குழாயடிக்குப் போனாள்.

இரண்டு மாதத்தில் கொட்டுவது குறைந்தது. புருஷனை வரவிடாமல் தடுத்த யுத்தம்தான் எண்ணெயை நிறுத்தி அவள் முடியைக் காப்பாற்றியது. இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. அவளிடம் சொன்னால் சிரிக்கமாட்டாள்.

6

இங்கே கதையை நிறுத்திவிட்டு நான்கு நாள் சும்மா இருந்தேன்.

எனக்கு அவள்மேல் ஒரு சந்தேகம். இத்தனை வருஷம் ஒருத்தி சளைக்காமல் காத்திருப்பாளா? பயறுமாவும் குழாய்த்தண்ணீருமாக? ஒரு நாளாவது குடத்தை உடைத்திருக்க மாட்டாளா? பெண்களைக் காத்திருக்க வைத்துக் கதை பண்ணுவது எழுதுகிறவர்களுக்குச் சுலபம்.

பிறகு நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று பார்த்தேன். எனக்கும் ஒருவர் வரவேண்டியிருக்கிறது. ஒன்பது வருஷம் ஆகிறது. அவரைப் பற்றி இங்கே எழுதுவதாக இல்லை. வெளியே வண்டிச் சத்தம் கேட்டால் இப்போதும் கையால் தலையை ஒதுக்கிக்கொள்கிறேன், அவ்வளவுதான். ஆகவே சந்தேகத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

அவளைத் தாங்கிக்கொண்டிருந்தது ஒரு கடிதம். குண்டு விழுவதற்கு முன் பினாங்கில் எழுதி, நேர்ச்சைக்குப் பிறகு வந்து சேர்ந்தது. சமாசாரம் ஒன்றும் பெரிதாக இல்லை. மழை, சோறு சரியில்லை, அக்காவைக் கேட்டதாகச் சொல். கடைசியில் இப்படி எழுதியிருந்தான்: ‘நல்ல சட்டையை எடுத்து உடுத்தினேன். காலரில் உன் முடி ஒன்று இருந்தது. எடுத்துப் போட மனம் வரவில்லை.’

உதிர்வது எல்லாம் நஷ்டம் என்று நினைத்திருந்தவள் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். தன் தலையிலிருந்து போன ஒன்று அவனோடு இருக்கிறது. அவன் பக்கத்தில் இல்லாமல் அவளுக்கு உடம்பெல்லாம் வலித்தது. அந்த ஒற்றை முடியின் மேல் பொறாமைகூடப் பட்டாள்.

7

1945இல், ஈஸ்டர் முடிந்ததும் அவளுக்கு விஷக்காய்ச்சல் கண்டது. பிழைத்து எழுந்தாள். ஜூலையில் முடி கொட்டத் தொடங்கியது. இந்தமுறை பயறுமாவுக்கும் நிற்கவில்லை, நல்ல தண்ணீருக்கும் நிற்கவில்லை. தலையணையில், சோற்றில், ஜெபமாலையில், எங்கும் முடி. வீட்டு நூல் பின்னலை இரண்டு சுற்றுச் சுற்றியது.

“மைனி, இந்த மாதா திருநாளுக்கே முடியக் குடுத்துரப்போறேன்.”

“என்னளா சொல்லுத? அவன் இன்னும் வரலியே.”

“அவுக வாறதுக்குள்ள குடுக்க ஒண்ணும் இருக்காது.”

“முன்னாலயே குடுத்தா என்ன அர்த்தம்? இனிமே வரமாட்டான்னு நீயே முடிவுகட்டிட்டேன்னுதான?”

“வருவாகன்னு நம்பிக் குடுக்கேன்னு இருக்கக்கூடாதா?”

கிளாடிஸ் மூன்று நாள் தனியாகவே குழாயடிக்குப் போய்வந்தாள்.

முடிவுக்காக நான் எழுதிப் பார்த்தவை:

(அ) பவுல் அக்டோபரில் வருகிறான். தலை முழு வழுக்கை. மொட்டையடித்த அமலோற்பவம் வாசலில் அவனைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கிறாள். [எனக்கு ஆசைதான். ஆனால் ஆசைப்படுவதை எல்லாம் எழுதிவிட முடியாது.]

(ஆ) பவுலோடு வேலைபார்த்தவன் ஒரு சட்டையைக் கொண்டுவந்து கொடுக்கிறான். காலரில் ஒரு முடி. [நீங்கள் அழுவீர்கள். அழுவீர்கள் என்று தெரிந்தே எழுதுவது எனக்குப் பிடிக்கவில்லை. கிழித்துவிட்டேன்.]

8

1945 ஆகஸ்ட் 5. பனிமய மாதா திருநாள். யுத்தம் முடிய இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது. எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அமலோற்பவத்துக்குத் தெரியாது. அவள் காதில் சொல்லிவிடலாமா என்று பலமுறை பேனாவை எடுத்தேன். சொன்னால் காத்திருப்பாள். காத்திருந்தால் முடி இருக்காது. தவிர, யுத்தம் முடிந்தால் மட்டும் எல்லோரும் வந்துவிடுகிறார்களா?

கோயிலுக்கு வெளியே ஓலைப்பந்தலில் முடி எடுக்கிறவர் உட்கார்ந்திருக்கிறார். நேர்ச்சை முடிக்கு அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. தலையில் தண்ணீர் தெளிக்குமுன் ‘நெறவேறிட்டா?’ என்று கேட்பார். நிறைவேறாத நேர்ச்சைக்குக் கத்தி வைக்கமாட்டார். அது பாவம் என்பது அவர் எண்ணம்.

வரிசை நகர்ந்தது. அமலோற்பவம் போய் உட்கார்ந்து பின்னலை அவிழ்த்தாள். பின்னால் யாரோ கொண்டையை அவிழ்ப்பதுபோலத் தெரிந்து திரும்பினாள். கிளாடிஸ். அத்தனை முடியும் இடுப்புக்குக் கீழே விழுந்து கிடந்தது.

“மைனி?”

“கொறையுதுல்லா? என்னோடதையும் சேத்து அளக்கச் சொல்லு. திரும்பு அங்கன.”

முடி எடுக்கிறவர் தண்ணீரில் கையை நனைத்தார்.

“என்ன நேர்ச்சைம்மா?”

“வீட்டுக்காரக கப்பலுக்குப் போயிருக்காக. உசுரோட திரும்பி வரணும்னு.”

“வந்துட்டாகளா?”

மூன்று பதில் எழுதினேன். ‘வந்துட்டாக’ என்றால் மாதா வாசலிலேயே பொய். ‘வரல’ என்றால் அவர் கத்தியை மடக்கிவிடுவார். ‘வருவாக’ என்பதை எழுதி, அதையும் அடித்தேன். எதை எழுதினாலும் பவுலின் உயிரை நான் தீர்மானித்ததாக ஆகிவிடும்போல இருக்கிறது. இந்த ஒரு வார்த்தைக்கு எனக்குத் தைரியமில்லை. என் வீட்டு வாசலுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அவர் ஈரக்கையோடு காத்திருக்கிறார். அமலோற்பவம் வாயைத் திறந்துவிட்டாள். பதிலை நீங்கள் சொல்லுங்கள். என்ன சொன்னாலும் பார்த்துச் சொல்லுங்கள், கிளாடிஸ் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.