பனியோடு போன எல்லை

"காலைப் பிடிங்க மாமா" என்று உல்யானா இரண்டாம் முறை சொன்னபோதும் எவ்சேய் குனியவில்லை. அவர் கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தார். உறைந்த ஏரியின்மேல் இரண்டு பனிவண்டிகள் அவர்களை நோக்கி வந்துகொண்டிருந்தன.

அப்பா கோந்த்ராத்தி மீன்பெட்டியின்மேல் உட்கார்ந்தபடியே செத்திருந்தார். பனியில் துளை போட்டு, தூண்டிலை இறக்கி, மீன் கடிக்கிறதா என்று குனிந்து பார்த்த மேனிக்கே நெஞ்சு நின்றுபோயிருக்க வேண்டும். இரவு வீடு திரும்பாத மனிதரைத் தேடிக்கொண்டு, விடிந்ததும் மகளும் பக்கத்துவீட்டு எவ்சேயும் சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். உடம்பு விறைத்துவிட்டதால் படுக்கவைக்க முடியவில்லை.

வந்தவர்கள் ரஷ்யக் காவலர்கள். கிளெப் என்ற நடுவயது அதிகாரி ஒருவன், கூட ஒரு சிப்பாய்.

"தொடாதீங்கம்மா. நீங்க நிக்கிறது எங்க நாடு."

உல்யானா கையை நீட்டினாள். அப்பாவுக்கும் அப்பால், பனியில் நட்ட ஊசியிலைக் கிளைகள் வரிசையாக நின்றன. குளிர்காலம் வந்தால் எஸ்தோனியக் காவலர்கள் எல்லைக்கு அடையாளமாக நட்டுவைப்பவை. கிளைக்கு இந்தப் பக்கம் நம் மீன், அந்தப் பக்கம் அவர்கள் மீன். கரையோரத்தில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் இது தெரியும்.

"கண்ணு அவிஞ்சா போச்சு? கிளைக்கு இந்தப் பக்கம்தானே உக்காந்திருக்காரு?"

"கிளைதான் நடந்து வந்துருச்சே. போன வாரம் பூரா மேல்காத்து அடிச்சுதில்ல? பனி மொத்தமா பிளந்து கிழக்க வந்திருக்கு, கிளையையும் சுமந்துக்கிட்டு. ரெண்டு சர்க்காரும் பேசி முடிச்ச கோடு இருந்த இடத்துலதான் இருக்கு. அது பனியோட போகாது."

எஸ்தோனியக் காவலன் தார்மோ மூச்சு வாங்க வந்து சேர்ந்தான். கையிலிருந்த இடங்காட்டும் கருவியைப் பார்த்தான். நாலடி தள்ளிப் போய் மறுபடி பார்த்தான். "அவங்க சொல்றது சரிதான்க்கா" என்றான். இந்தக் கிளைகளை நட்டவனே அவன்தான். உல்யானாவுக்கு அவனை ஓங்கி அறையலாம் போலிருந்தது.

எந்த நாட்டில் செத்தார் என்பது அவளுக்கு வெறும் நாட்டுக்கணக்கு இல்லை. இந்தப் பக்கம் என்றால் ஊர் டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிடுவார். அந்தப் பக்கம் என்றால் நகரத்துக்குக் கொண்டுபோய் அறுத்துப் பார்ப்பார்கள். தகரப்பெட்டியில் அடைத்துத் திருப்பித் தர மாதக்கணக்காகும். அவர்களோ, ரஷ்யத் திருச்சபை முறைகளை மாற்றியபோதும் மாறாத பழைய நெறிக்காரர்கள். பிணத்தில் கத்தி படக்கூடாது, மூன்றாம் நாள் மண்ணுக்குள் போய்விட வேண்டும். நெஞ்சுவலி வரும்போதெல்லாம் கோந்த்ராத்தி மகளிடம் கேட்டதும் அது ஒன்றுதான்: "என்னைக் கத்திக்கு மட்டும் குடுத்துராத புள்ள."

எவ்சேய் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கிளெப்பின் முன்னால் போய் நின்றார்.

"ஐயா, கொண்டுபோன பனி கொண்டும் வரும். கீழ்காத்து எழும்புது, கன்னத்துல படுதா? கொஞ்சம் பொறுத்தீங்கன்னா அவரா எங்க பக்கம் வந்துருவாரு."

கிளெப் முகத்தைத் திருப்பிக் காற்றைப் பார்த்தான். அவனும் ஏரிக்கரையில் பிறந்தவன்தான் போலிருக்கிறது. "மத்தியானம் வரைக்கும் நிக்கிறேன். கருவி உங்க பக்கம்னு சொன்னா தூக்கிட்டுப் போங்க. அதுவரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது."

காத்திருந்தார்கள். காலுக்கடியில் எங்கோ ஆழத்தில் பனி முனகியது. மேற்கே, கரைப்பக்கம் உறைந்திருந்த மெல்லிய புதுப்பனி நொறுங்கும் சத்தம் கேட்டது. தார்மோ கருவியைப் பார்த்துப் பார்த்து, எத்தனை அடி குறைந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

"உசுரோட இருந்தப்ப யார் சொல்லியும் அசையாத மனுசன்" என்றார் எவ்சேய். "இப்பப் பாரு, என்னமா நகர்றாரு!"

உல்யானாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த வேகத்திலேயே வெட்கமும் அழுகையும் வந்தன. கிளெப் குடுவையிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தான். அந்நியர் குவளையில் வாய் வைப்பது பழைய நெறியில் வழக்கமில்லை. ஆனாலும் வாங்கி, ஆறும்வரை இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

வெயில் உச்சிக்கு ஏறும் முன்பே காற்று நின்றது. பனியும் நின்றது.

"இன்னும் ஆறடி" என்றான் தார்மோ. சற்றுப் பொறுத்து, "ஆறடிதான்" என்றான்.

கிளெப்பின் கம்பியில்லாப் பேசி கரகரத்தது. அவன் ஒதுங்கிப் போய்ப் பேசிவிட்டு வந்தான். "எடுத்துட்டு வரச் சொல்றாங்க" என்றான்.

உல்யானா அவன் பக்கத்தில் போனாள். "ஆறடிதான் அண்ணே. நீங்க அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க. பெட்டியோட நானே இழுத்துக்கிறேன். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

கிளெப் குரலைத் தாழ்த்தினான். "நான் திரும்பிப்பேன்மா. அவன் திரும்பமாட்டான்."

சிப்பாய் வண்டியில் சாய்ந்தபடி அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தான். இருபது வயதுகூட இருக்காது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பது எந்த நாட்டுக்கும் பொது.

அப்பாவை உட்கார்ந்த கோலத்திலேயே தூக்கி வண்டிக்குப் பின்னாலிருந்த சறுக்குப்பலகையில் வைத்துக் கட்டினார்கள். தலை சாயாமலிருக்க உல்யானா தன் சால்வையைக் கழுத்தைச் சுற்றி முட்டுக் கொடுத்தாள். இதை யாரும் தடுக்கவில்லை.

"அறுக்க வேணாம்னு சொல்லுங்க. நாங்க பழைய நெறிக்காரங்கன்னு சொல்லுங்க."

"சொல்றேன்" என்றான் கிளெப், கயிற்றின் முடிச்சைப் பார்த்தபடி.

வண்டி கிளம்பியது. அப்பா கரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தபடி, குலுங்கிக் குலுங்கிக் கிழக்கே போனார். அப்பாவை ஆறடிக்குப் பறிகொடுத்தோமே என்று உல்யானாவுக்கு நெஞ்சு வெந்தது.

வீட்டில் மார்ஃபா அத்தை, சேதி தெரிந்து, பிணத்தைக் கழுவுவதற்கென்று ஊரிலிருந்து இரண்டு ஆண்களை வரவழைத்து உட்காரவைத்திருந்தாள். பெஞ்சின்மேல் கையால் தைத்த வெள்ளைத் துணி விரித்திருந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் பெரிய மண்பானையில் வெந்நீர் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. வெறும் சறுக்குவண்டியைப் பார்த்ததும் ஆண்கள் எழுந்து, சிலுவைக்குறி இட்டுவிட்டு வெளியே போனார்கள்.

"தண்ணிய என்ன செய்ய?" என்றாள் அத்தை. "பாத்திரமாவது தேய்க்கலாமா?"

பிணம் கழுவிய நீரை மனிதக் கால் படாத இடத்தில்தான் ஊற்றுவார்கள். உல்யானா பானையைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து வேலிக்குப் பின்னால் போனாள். ஒருவரையும் கழுவாத அந்தச் சுத்தமான நீரை மூலையில் மெல்லச் சாய்த்தாள். பனி கரைந்து கறுப்பு மண் தெரிந்தது. பானை காலியாகும்வரை, தன் கால் அதில் பட்டுவிடாமல் தள்ளியே நின்றாள்.