இடக்கைத் தழும்பு

மொழிபெயர்ப்பாளரின் பெயரைப் பிரியதர்சினி இரண்டு முறை படித்தாள். சிவபாதசுந்தரம், லிட்கம், சிட்னி. அவள் தன் நாளிதழுக்கு எழுதிய ஆங்கிலக் கட்டுரை அதன் தமிழ்ப் பக்கத்திலும் வரவிருப்பதாகவும், மாலை நான்கு மணிக்குள் அவர் மொழிபெயர்த்து அனுப்பிவிடுவார் என்றும் ஆசிரியர் மின்னஞ்சலில் எழுதியிருந்தார். வாழ்த்தும் சொல்லியிருந்தார்.

வேறு யாரிடம் கொடுத்திருந்தாலும் அவள் பயந்திருக்க மாட்டாள். படகில் அடைக்கலம் தேடி வந்து, பன்னிரண்டு ஆண்டுகளாகத் தற்காலிக விசாவில் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒருவரைப் பற்றிய கட்டுரை அது. அதற்கு உயிர் கொடுத்த நான்கு பத்திகள் அவளுடையவை அல்ல. சிவபாதசுந்தரம் தாம் நடத்தும் தமிழ் மாத இதழில் எழுதியவை. பென்டில் ஹில் மளிகைக் கடை வரிசையில் நின்றபோது அந்த இதழின் இரண்டு பக்கங்களை அவள் கைப்பேசியில் படமெடுத்தாள், வீட்டில் ஆங்கிலமாக்கினாள், ‘அவர் என்னிடம் கூறினார்’ என்பதை மட்டும் சொந்தமாகச் சேர்த்தாள்.

எழுத்துத் திருட்டைக் கண்டுபிடிக்க அலுவலகத்தில் இருந்த மென்பொருள் ஆங்கிலத்தை ஆங்கிலத்தோடு மட்டுமே ஒப்பிடும். லிட்கமில் அச்சாகும் தமிழ் இதழ் அதன் கண்ணில் படாது. இதை அவள் முன்கூட்டியே யோசித்திருந்தாள். அப்படி யோசித்ததுதான் இப்போது அவளை மிகவும் உறுத்தியது.

இரண்டே முக்காலுக்குக் கைப்பேசி அதிர்ந்தது. அறியாத எண். முதல் முறை அதிர்ந்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் முறை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போனாள்.

“பிள்ளை, நான் சிவபாதசுந்தரம். ஒரு சந்தேகம்.”

“சொல்லுங்கோ அங்கிள்.”

சட்ட விவரங்களைச் சரியாக எழுதியிருப்பதாக அவர் பாராட்டினார். நடுவில் வரும் நான்கு பத்திகளில் தமக்கு அதிக வேலை இருக்கவில்லை என்றும் சொன்னார். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

“அந்த மனுசன்ர இடக்கையில வெட்டுத் தழும்பு எண்டு எழுதியிருக்கிறீர். நீர் பாத்தனீரோ?”

“ஓம்.” யோசிப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது.

“அப்பிடியொரு தழும்பு இல்லைப் பிள்ளை. அதை நான்தான் போட்டனான்.”

விசா முடிவாகாதவர்களை யாரும் அடையாளம் காணக்கூடாது என்பதற்காக, அவர்களைப் பற்றி எழுதும்போதெல்லாம் ஓர் அங்க அடையாளத்தை மாற்றுவது அவர் வழக்கம். மாற்றியிருப்பதைக் கட்டுரையின் முடிவில் வெளிப்படையாக அச்சிட்டும் விடுவார். அந்தக் குறிப்பு மூன்றாம் பக்கத்தில் இருந்தது. மூன்றாம் பக்கத்தை அவள் புரட்டவேயில்லை.

மொழிபெயர்ப்புப் படிவத்தின் அடியில் குறிப்பெழுத ஒரு கட்டம் இருப்பதாக அவர் நினைவூட்டினார். அதை வெறுமையாக விட்டால் எல்லாம் சரி என்று அவரே உறுதி கூறியதாக ஆகும். என்ன எழுதட்டும் என்று கேட்டார்.

வெறுமையாகவே விட்டுவிட முடியுமா என்று அவள் கேட்டாள். அடுத்த கட்டுரையில் அவர் பெயரைக் குறிப்பிடுவதாகவும் சொன்னாள். சொல்லும்போதே தன் குரல் அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

“என்ர எழுத்தைக் களவெடுத்தீர். இப்ப என்ர கையெழுத்தையும் கேக்கிறீர்.” அவர் லேசாகச் சிரித்தார். “இருபது வருசமா நான் எழுதிறதை ஒருத்தரும் வாசிக்கிறேல்லை எண்டு வீட்டில மனிசி சொல்லுவா. நீர் வாசிச்சிருக்கிறீர்.”

அவள் சுவரில் சாய்ந்தாள். வேலை போகும். சிட்னியில் வேறெந்தச் செய்தி அறையிலும் இனி அவள் பெயர் எடுபடாது.

“நானே போய்ச் சொல்லுறன் அங்கிள்.”

“நாலு மணி வரைக்கும் அந்தக் கட்டத்தை நான் தொடமாட்டன். அதுக்குப் பிறகு எழுதத்தான் வேணும்.”

ஆசிரியரின் கண்ணாடி அறை இருபது அடி தூரத்தில் இருந்தது. அவள் வருவதைக் கண்டு அவர் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். கதிரையைக் கை காட்டினார். பிரியதர்சினி உட்காரவில்லை.

அந்த மனிதரை நான் பார்த்ததே இல்லை என்றாள்.

ஆசிரியரின் புன்னகை உடனே மறையவில்லை. எந்த மனிதரை என்று கேட்டார்.