சொடக்கு விழுந்த கால்

“எழிலரசன், வயசு இருபத்தாறு, இலுப்பூர்ல நம்ம வீட்டுக் கட்டில்ல கெடக்கேன். நாளைக்கு என்னயப் பாக்க வர்றவுக இத ஒருக்கா படிச்சிருங்க.”

மல்லாந்தபடியே குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குச் சொல்லத் தொடங்கினான். பேசப் பேச போன் எழுத்தாக்கியது.

ஷார்ஜாவில் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து, தண்டுவடம் அடிபட்டு ஊர் திரும்பிப் பதினான்கு மாதம். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. பார்க்க வருகிறவர்கள் சும்மா உட்கார மாட்டார்கள். ஆளுக்கொரு காலை மடியில் வைத்து நீவி, விரலை இழுத்துச் சொடக்கு எடுத்த பிறகுதான் காப்பியைத் தொடுவார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை நார்த்தாமலையிலிருந்து தாய்மாமன் மூக்கன் ஒரு டப்பாவோடு வந்தார்.

“ஆன்டிஆக்சிடன்ட் பவுடரு மாப்ளே. கரைஞ்ச எலும்பெல்லாம் ஊறிரும்னு வீடியோவுல சொல்றான். டாக்டர் குடுத்த எலும்பு மாத்திரையத் தூக்கி அங்கிட்டு வையி.”

“மொதல்ல ஒங்க முட்டிக்குக் குடிங்க மாமா. ஊறுனா நானும் குடிக்கிறேன்.”

“வாயி மட்டும் நல்லா நடக்குதுடா ஒனக்கு!” சிரித்தபடியே அவன் முழங்காலை மடக்கி ஓர் இழுப்பு இழுத்தார். படக்கென்று சத்தம்.

“கேட்டியா ராணி! சொடக்கு விழுந்திருச்சு. நரம்பு முழிச்சுக்கிருச்சு!”

அம்மா செல்வராணி சந்தோஷத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எழிலரசனுக்கு ஒன்றும் வலிக்கவில்லை.

சாயங்காலம் முட்டிக்கு மேலே வீங்கி, தொட்டால் கொதித்தது.

“சூடுதாய்யா. வெளக்கெண்ண தடவுறேன்,” என்றாள் அம்மா.

“வேணாம் ஆத்தா. வலி சொல்லாத காலு இது. எக்ஸ்ரே படம் எடுத்தே ஆகணும்.” அவள் தயங்கி நிற்கையில் அவனே ஆட்டோவுக்குப் போன் போட்டான்.

தொடை எலும்பு முறிந்திருந்தது. கட்டுப் போட்ட டாக்டரம்மா, அம்மா கையோடு எடுத்துப்போயிருந்த பவுடர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நரம்பு அடிபட்டு, கால்ல பாரமும் ஏறலன்னா எலும்பு வேகமாக் கரையும். உள்ள சேர்ற ஆக்சிஜன் கழிவு அத இன்னும் கூட்டும். அத அடக்குற ஆன்டிஆக்சிடன்ட் குடுத்தப்ப எலிக்கு எலும்பு கரையிறது கொறைஞ்சிருக்கு. மனுசருக்கு இன்னும் உறுதியாகல. இந்த டப்பாவுல என்ன இருக்குன்னே எழுதலையே.”

“மனுசருக்குப் பாக்குறப்ப எம்பேரையும் எழுதிக்கங்க மேடம். அதுவரைக்கும் நான் என்ன செய்யணும்?”

“மாத்திரைய நிறுத்தாதீங்க. எலும்பு கூடட்டும், ஸ்கேன்ல பலத்தப் பாத்துட்டு நிக்கிற பயிற்சியப் பேசுவோம்.”

“நிப்பேன் மேடம்.”

கூடவே வந்திருந்த மாமா ஆஸ்பத்திரி வாசலில் சுவரைப் பார்த்து நின்றார். “நாந்தான்டா ஒடிச்சேன்.”

“அடுத்த தடவ தோளப் புடிங்க மாமா. வலிச்சா நல்லாத் திட்டுவேன்.”

இப்போது குடுமியான்மலைச் சொந்தங்கள் நாளைக்குத் தைலத்தோடு வருவதாகக் குழுவில் எழுதியிருந்தார்கள். இன்னொரு முறிவு என்றால் நிற்கும் நாள் இன்னும் தள்ளிப்போகும். எழிலரசன் போனை மறுபடி வாயருகே வைத்தான்.

“மாமா மேல கோவம் இல்ல. வாங்க, பக்கத்துல ஒக்காந்து பேசுங்க. ஆனா எங்காலப் புடிச்சு இழுக்காதீங்க, நீவாதீங்க, சொடக்கு எடுக்காதீங்க. வீக்கமோ சூடோ தெரிஞ்சா ஒடனே எங்கிட்டச் சொல்லுங்க.”